ஒச்சாயி அக்கா கேட்ட கேள்வி

திருநகர்,
9-11-1981

அன்புள்ள மச்சானுக்கு,

சுந்தரம்மாள் எழுதுவது. உங்கள் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. பாப்பாவுக்குக் கீழ்ப்பல் இரண்டு வந்துவிட்டது.

இந்தப் பக்கம் காலரா என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தீர்கள். நான் போகவில்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

மூன்று ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். ஊர் ஊராக ஊசி போடவேண்டும், முதலில் நாம் போட்டுக்கொள்ளவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். வார்டு கழுவும் ஒச்சாயி அக்கா மட்டும் மாட்டேன் என்றார். கை வீங்கினால் வாளி தூக்க முடியாதாம். நான் அரைமணி நேரம் எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ போட்டுக்கிட்டியா தாயி?" என்றார்.

நான் போட்டிருக்கவில்லை, மச்சான். காய்ச்சல் வந்தால் பாப்பாவை யார் பார்ப்பது என்று பயந்து, போட்டுக்கொண்டதாக டாக்டரம்மாவிடம் பொய் சொல்லியிருந்தேன். நர்ஸ் வேலை பார்க்கிற நான்.

அக்காவிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. நேரே போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஊசியை எடுத்தார். அக்கா கண் முன்னால் போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் வாளியை நான் தூக்குகிறேன் என்றேன். அவரும் கையை நீட்டினார்.

மறுநாள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். பாப்பாவை அடுத்த வீட்டு மைதீன் பீவி அக்கா பார்த்துக்கொண்டார். வாளியை என்னை மட்டும் தூக்க ஒச்சாயி அக்கா விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

ஊசி போட முதல் ஊருக்குப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா தெருவில் நின்று வீங்கின கையைக் காட்டி, "ரெண்டு நாள் வலிக்கும். வலிக்காதுன்னு பொய் சொல்ல வரல. அம்புட்டுத்தான்" என்றார். ஒரு கதவு திறந்தது. பொழுது சாய்வதற்குள் நூறு பேருக்குமேல் போட்டுக்கொண்டார்கள். ஊசி போட்டாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்னும் நான்கு ஊர் பாக்கி. அது முடியும்வரை லீவு கேட்கமாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பட்டாளத்தில் ஊசிக்கு வரிசை நிற்கச் சொன்னால் சமையல்கூடத்தில் ஒளிந்துகொள்வேன் என்று போன லீவில் சொன்னீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அது என் தப்பு. இனி வரிசையில் நில்லுங்கள். பாப்பா உங்களை இதுவரை போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

என்றும் உங்கள்,
சுந்தரம்மாள்