கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை

ஜூன் 3, செவ்வாய்

முன்னாள் ராணுவத்தினருக்கான எங்கள் கிளினிக்கில் பல் பிடுங்க அறை உண்டு, சர்க்கரை பார்க்க அறை உண்டு. மனசுக்கு மட்டும் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். நான் அதில் உட்காரும் கவுன்சிலர்.

பெங்களூருவில் பயிற்சி முடித்து வந்து பல மாதம் ஆகிறது. அங்கே கற்ற சிகிச்சை இது: வந்தவர்கள் தாங்கள் பார்த்த கொடுமையைக் கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்ப. எதைக் கண்டு ஒதுங்குகிறார்களோ அதன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், பயம் தானாக இறங்கும்வரை. பலன் உண்டு என்று எத்தனையோ ஊரில் பார்த்தாயிற்று. திண்டுக்கல்லில் ஆரம்பிக்கக் கதவு வைத்த ஓர் அறைதான் இல்லை.

பொறுப்பு டாக்டர் பிராங்கிளின் இன்றைக்கும் வழக்கமான பதிலைத்தான் சொன்னார். "ஒரு ஆளுக்கு ஒன்றரை மணி நேரம்னா வெளிய நிக்கிற கூட்டத்துக்கு யாரு பதில் சொல்றது ரோசலின்? தூக்க மாத்திரைன்னா அஞ்சு நிமிசம்."

கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் ஓர் அறை கிடைத்தது: ஒரே ஒரு ஆள், செவ்வாய்க்கிழமை மட்டும், ஆவணி முடியும் வரை. பலன் தெரியாவிட்டால் அந்த அறை எக்ஸ்ரே மெஷினுக்கு.

ஜூன் 10, செவ்வாய்

சோலைமுத்து, ஓய்வு பெற்ற ஹவில்தார். மனைவி சண்முகவள்ளிதான் இழுத்துக்கொண்டு வந்தார். நிலக்கோட்டைக்காரர்கள், சொந்தத்தில் மல்லிகைத் தோட்டம். ஆனால் அந்த அம்மா தலையில் ஒரு பூ இல்லை.

"மல்லி வாசம் பட்டா இவரு ஓடிருவாரும்மா. தோட்டத்தையே குத்தகைக்கு விட்டாச்சு. நான் பூ வச்சு எம்புட்டோ வருசமாச்சு. வெளியூருக்குப் போனா 'புருசன் இல்லையா'ன்னு கேக்குறாக."

மகள் தமிழ்மதிக்கு ஆவணியில் கல்யாணம். மாலையும் பூவுமாக இருக்கும் மணவறைக்கு வரவே மாட்டேன் என்கிறாராம். "அப்பன் உசிரோட இருக்கையில நான் யாரை வச்சுத் தாரை வாக்குறது?"

அவர் பேசியது ஒன்றுதான். "மாத்திரை போதும் மேடம்."

ஜூன் 24, செவ்வாய்

இன்று கண்ணை மூடிச் சொன்னார். செபஸ்தியான், வத்தலக்குண்டுக்காரர், இவருடைய உயிர் நண்பர். எல்லையில் ரோந்து போகும்போது கண்ணிவெடி. உடலை ஊருக்குக் கொண்டுவந்தது இவர். கொடி போர்த்திய பெட்டி, தெரு நிறைய ஜனம், பெட்டிமேல் மலை மாதிரி மல்லிகை...

அந்த இடத்தில் நின்றுவிட்டார். "அடக்கம் பண்ணியாச்சு மேடம். அம்புட்டுதான்."

அம்புட்டுதான் இல்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன்: தினமும் மல்லிகைப் பக்கத்தில் உட்கார வேண்டும், பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று அவரே சொல்ல வேண்டும். பூவை எடுத்து வைப்பது வள்ளியம்மாவின் வேலை. பயம் கிடுகிடுவென்று இறங்குகிறது! டாக்டர்கூடச் சிரித்தார். சந்தோஷத்தில் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

எதை எழுதுவது?

அடுத்த படி என்று மூவரும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போனோம். வேனிலிருந்து மல்லிகை மூட்டையை இறக்கிப் பிரித்தார்கள். மனுஷன் அப்படியே மடங்கி வாந்தி எடுத்தார். "விட்ருங்க, என்னைய விட்ருங்க" என்று வேன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுற்றிலும் கூட்டம்.

பஸ் ஸ்டாண்டில் வள்ளியம்மா உடைந்துவிட்டார். "நான்தாம்மா காரணம். மல்லிக்குப் பதிலா கனகாம்பரத்த வச்சேன். வாசம் இருக்காதுல்ல... அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் சொல்லல. அந்த மூஞ்சி வேர்க்கிறதப் பாத்துட்டு எப்பிடிம்மா மல்லிய வைப்பேன்?"

கத்திவிட்டேன். "மருந்துக்குப் பதிலா தண்ணி குடுத்துட்டு, கொணமாயிருச்சுன்னு சொல்வீங்களா?" என்று. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

ஜூலை 23, புதன்

காலையில் கண்ணாடி முன்னால் மல்லிகைச் சரத்தை வைக்கப்போனவள் அப்படியே நின்றேன். மற்ற நாளெல்லாம் பூ இல்லாமல் வெளியே போக மாட்டேன். ஆனால் சோலைமுத்து வருகிற செவ்வாய் மட்டும் வெறுந்தலை. யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. பாவமாக இருந்தது, நானாகவே விட்டுவிட்டேன். பயிற்சி முடித்த நானே இப்படி. வள்ளியம்மாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சோலைமுத்து இனி வரச் சம்மதிப்பாரா என்று தெரியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

வந்தார். நான் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னைக்கு நெசப் பூ. உங்களுக்குச் சம்மதம்னா கதவைச் சாத்துறேன்" என்றேன். ரொம்ப நேரம் கழித்து அவரே சாத்தினார்.

சொன்னார். செபஸ்தியானின் அம்மா பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். "மொகத்த ஒருதடவ காட்டுப்பா." உள்ளே முகம் இல்லை. "தூங்குற மாதிரிதாம்மா இருக்கான்" என்று சொல்லி, பூவுக்குள் போன அந்தக் கைகளை இவர் இறுக்கிப் பிடித்திருக்கிறார். அந்த அம்மா கேட்டாராம்: "தூங்குறவன ஏம்ப்பா பாக்க விடமாட்டேங்கிற?"

மறுபடி சொன்னார். மறுபடியும். நாலாவது முறை அழுதார், நானும் அழுதேன். கடவுளே, ஒரு மனுஷன் இதை எப்படித் தனியாகச் சுமந்தான்?

போகும்போது அவராகவே சொன்னார்: "அந்தம்மா பாத்திருந்தா தாங்கிருக்காது மேடம். நான் பாத்துட்டேன்ல. அது போதும்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அறையில் எக்ஸ்ரே மெஷினுக்கு அளவெடுத்தார்கள். நாங்கள் வெளியே காத்திருந்தோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீட்டில் இப்போது நிஜ மல்லிகை. பயம் ஏறுகிறது, உட்கார்ந்தே இருக்கிறார், இறங்குகிறது. மெதுவாகத்தான். வள்ளியம்மா பூவை வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடிவிடுகிறாராம். "பாத்தா எடுத்துருவேம்மா, அதான்."

கல்யாணத்துக்கு? "பாக்கலாம் மேடம்" என்கிறார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தமிழ்மதி கல்யாணம். முகூர்த்த நேரம் நெருங்குகிறது, மணவறையில் அப்பாவைக் காணோம். வள்ளியம்மா என்னைப் பார்த்த பார்வை! மண்டபத்துக்குப் பின்னால் ஓடினேன்.

பூக்காரரின் வேன் பக்கத்தில் சோலைமுத்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் கல்யாண மாலைகள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

"செத்த நேரம் மேடம். எறங்கிரும்."

நின்றோம். உள்ளே மேளம். ஐயர் ஆள் அனுப்பினார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பிறகு பெருமூச்சு ஒன்று விட்டு, மாலைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவரே முன்னால் நடந்தார். மகள் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

எக்ஸ்ரே மெஷின் மாடி அறைக்குப் போகிறது. கல்யாண மாலையோடு சோலைமுத்து நிற்கும் படத்தை சண்முகவள்ளி டாக்டர் பிராங்கிளினுக்குப் போனில் காட்டியிருக்கிறார்.

காலையில் பெஞ்சில் சோலைமுத்து. கூடவே வடமதுரையிலிருந்து இன்னொரு முன்னாள் சிப்பாய், அவர் மனைவி. "இவனுக்கு வெடிச் சத்தம் ஆகாது மேடம். தீபாவளிக்கு முன்ன ஆரம்பிச்சிருவோம்."

நான் கதவைத் திறக்கும்போது, தலை கொள்ளாத மல்லிகையோடு வள்ளியம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்:

"பாவமாத்தான் இருக்கும் தாயி. அதுக்காக மத்தாப்பக் கொளுத்திப்புட்டு வெடின்னு சொல்லிறாத."