நண்டுக்குப் போட்ட காளான்

கிரான்பர்ன்
12.03.2025

சிவசோதிக்கு,

கிறிஸ்மஸ் தீவு அகதி முகாமிலிருந்து எங்களை நடக்கக் கூட்டிப்போன அன்றைக்கு ஆர் ஆர் நின்றது என்று எனக்கு மறக்கவில்லை. நான், என் மனிசன், மகள் சுலக்சனா, பேத்தி துவாரகா, நீ, காவலுக்கு வந்த ஜேசன். வேறு ஒருத்தரும் இல்லை.

றோட்டு முழுக்கச் சிவப்பு நண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜேசன் விளக்குமாற்றால் ஒதுக்கி வழிவிட்டான். மரவேரடியில் வெள்ளைக் காளான், எங்கள் புங்குடுதீவில் மாரி மழைக்கு முளைப்பது மாதிரியே. நீதான் மடி நிறையப் பிடுங்கினாய். வேலிக்கரைச் சாரணைக் கீரையைக்கூட முதலில் நண்டுக்குப் போட்டு, அது தின்றால்தான் நாங்கள் கேத்திலில் அவிப்போம். "நண்டு திண்டிட்டுதாம், சோதி சொன்னவ" என்று சொல்லித்தான் என் மனிசன் அந்தக் காளானைச் சாப்பிட்டார். எங்களையும் சேர்த்து விமானத்தில் பேர்த் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பழுதான ஈரல் பிறகு சரிவரவில்லை. மெல்பேண் வந்து மூன்றாம் வருசம் போய்விட்டார்.

மே மாதம் ரோவில் மண்டபத்தில் துவாரகாவுக்குக் கலியாணம். முகாமில் தலை இழுத்துப் பின்னிவிட்ட சோதி அன்ரி இல்லாமல் மணவறைக்கு வரமாட்டாளாம். வர வசதியில்லை என்று நீயே அவளுக்குச் சொல்லிவிடு. உன்னைக் கண்டால் என் வாய் சும்மா இராது.

தனலெட்சுமி

மல்கிரேவ்
20.03.2025

அன்புள்ள அக்கா,

கோயிலில் நீங்கள் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் பேசாமல் வந்தேன். இனியும் மறைக்க என்னால் ஏலாது.

நண்டு தின்னவில்லை. கொடுக்கால் தட்டிப்போட்டுப் போய்விட்டது. எல்லாவற்றையும் குப்பைவாளியில் கொட்டினேன். பின்னேரம் அண்ணை அதைக் கிளறி எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அண்ணை செய்யிறியள்? எறியுங்கோ."

"ஒராளுக்குக் கடுமையெண்டால் குடும்பத்தோடை பேர்த்துக்கு எடுப்பினமாம் பிள்ளை. துவாரகா ஒரு ஒழுங்கான பள்ளிக்கூடம் போகவேணுமெல்லே. கொஞ்சம்தான் தின்னுவன்."

"விசரே உங்களுக்கு? அக்காட்டைச் சொல்லப்போறன்."

எறிகிறேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். நம்பினேன். பிறகு பேர்த்திலிருந்து போன் எடுத்து, "அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, கத்துவாள்" என்றார். நீங்கள் திட்டுவதென்றால் என்னையே திட்டுங்கள் என்று இருந்துவிட்டேன்.

கலியாணத்துக்கு வரவில்லை. பிள்ளைக்கு நான் சொல்கிறேன்.

சிவசோதி

கிரான்பர்ன்
28.03.2025

சோதிக்கு,

கடிதம் கிடைத்தது. சுலக்சனாவுக்குக் காட்டவில்லை. துவாரகாவுக்கு நீயும் வாய் திறக்காதே. தன் படிப்புக்காக என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை மணவறையில் எப்படி இருக்கும்?

கலியாணத்துக்கு வா. பலகாரம் சுட ஆள் காணாது, முதல் நாளே வந்தால் நல்லது. முகம் திருப்பினதுக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீயும் எனக்குச் சொல்லியிருக்கவேணும். அந்தக் கோபம் எனக்கு ஆறும்.

மற்றது ஆறாது. அவ்வளவு வருசம் என்னோடு ஒரு பாயில் படுத்த மனிசன், நஞ்சைத் தின்னப்போவதை அடுத்த அறைக்காரிக்குச் சொல்லிப்போட்டு எனக்குப் பொய் சொல்லியிருக்கிறார். கட்டின நாளிலிருந்து அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதுமில்லை, கையால் எழுதினதுமில்லை. இதில் எழுதுகிறேன். நான் மன்னிக்கமாட்டாத ஆள் அருமைநாதன்.

தனலெட்சுமி