கான்டஸாவும் நீ சொன்ன பையனும்

சேசு மரி சூசை துணை

மதுரை
11.8.1987

அன்பு மகள் செலினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே அம்மாவும் நானும் நலம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்கத் தினமும் மன்றாடுகிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதாம், ஆனால் அலமாரியில் மிக்சர் டப்பாவுக்குப் பின்னால் லட்டு இருப்பதைப் பார்த்துவிட்டதால் அந்த ரிப்போர்ட்டை நான் நம்பவில்லை. நீ எழுதியிருந்த பையன், உன் மஸ்கட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் மரியராஜ், லீவில் சொந்த ஊர் எழுமலைக்கு வந்தவன் ஞாயிறு பூசை முடிந்து நம் வீட்டுக்கு வந்தான். அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா இல்லையா என்று உடனே எழுதச் சொல்லியிருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தவன் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவேனா. முதலில் புதுக் காரைப் பற்றிச் சொல்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

பழைய அம்பாசடர் கியர் மாற்றினால் முனகும், பள்ளத்தில் இறங்கினால் கத்தும், மனதில் இருப்பதை மறைக்காது. இந்தக் கான்டஸா அப்படி இல்லை. குடும்பத்தோடு கால் நீட்டி உட்காரலாம், உன் அம்மா பின் சீட்டில் ஏறியதும் தூங்கிவிடுகிறாள், ஆனால் பெடலை லேசாகத் தொட்டால் போதும், மேலூர் ரோட்டில் முள் எண்பதைத் தாண்டிவிடுகிறது, தாண்டியது ஓட்டுகிறவனுக்கே தெரிவதில்லை. சத்தம் போடாமல் இவ்வளவு செய்கிற எதையும் நான் நம்புவதில்லை. போதாததற்கு மூன்று மாதத்தில் இடது பக்கக் கதவில் நாலு உரசல். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று பட்டறை பேயாண்டியிடம் விட்டேன். சக்கரமெல்லாம் நேராத்தான் இருக்குங்கய்யா, ஓட்டுறதுல கொஞ்சம் பாத்துக்கங்க என்றான். வேலை தெரியாதவன் பேச்சு என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மரியராஜ் வாசலிலேயே மாமா என்றான், நான் இன்னும் ஆகவில்லையே. அம்மா வைத்த ஏழு இட்லியையும் சாப்பிட்டான், கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னான், அம்மா கவிழ்ந்துவிட்டாள், எனக்குச் சந்தேகம் கூடிற்று. காரைப் பற்றி ஒரு வார்த்தை புகழவில்லை, சுற்றி வந்து அந்த இடது பக்கக் கதவை மட்டும் குனிந்து பார்த்தான். சரி, பெண்ணோடு காரையும் சேர்த்து எடை போடுகிறான் என்று முடிவு கட்டினேன். ஆளை அளந்துவிடலாம் என்று பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கம் போனேன். அங்கே திருப்பத்தில் திடீரென்று கையை நீட்டி ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்துவிட்டான். நிறுத்திவிட்டுத் திட்ட வாயெடுத்தால், எனக்கு முந்தி வெளியே ஒருத்தி திட்டிக்கொண்டிருந்தாள், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு என்று. பூக்கூடையோடு இடது பக்கம் ரோட்டில்தான் நின்றிருக்கிறாள். அவளை நான் பார்க்கவே இல்லை, செலின்.

அவன் இறங்கிப் போய் அவளைச் சமாதானம் செய்துவிட்டு வந்து, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த சைக்கிள் கடைப் போர்டைப் படிக்கச் சொன்னான். போர்டே தெரியவில்லை, சோறு கொதிக்கிற ஆவிக்குள் பார்ப்பதுபோல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. கதவுல கோடெல்லாம் ஒரே பக்கமா இருந்துச்சு மாமா, வீட்லயே எனக்கு ஒரு மாதிரி பட்டுச்சு என்றான். வக்கீல் புத்தி எங்கே போகும். இதை யாரிடமும், முக்கியமாக உன்னிடம், சொல்லாமல் இருந்தால் கல்யாணத்துக்கு இன்றைக்கே சம்மதம் என்றேன். காரை விட்டு இறக்கிவிடுவார்களே என்ற பயத்தில் பெற்ற மகளை வைத்துப் பேரம் பேசினேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவன், இம்புட்டுப் பெரிய விஷயத்த மறைச்சுக் கட்டிக்கிட்டா நாளைக்கு அவ மூஞ்சியில எப்படி மாமா முழிப்பேன், நீங்களே எழுதிருங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதலைன்னா நான் எழுதிருவேன் என்றான். இது மிரட்டலா என்று கேட்டேன். ஆமா மாமா என்றான்.

கூண்டில் ஏறிய எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், தனக்கு லாபம் வருகிற பொய்யை வேண்டாம் என்றவன் இவன் ஒருவன்தான். வீடுவரை அவன்தான் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. நேற்றுக் கண் டாக்டரிடமும் அவனே கூட்டிப் போனான். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் பார்வை திரும்பும் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை நான் எந்தச் சாட்சியிடமும் ஒத்துக்கொண்டதில்லை. உன் கல்யாணத்துக்கு எனக்கு முழுச் சம்மதம், அவன் வீட்டாரிடம் வருகிற ஞாயிறு அம்மாவும் நானும் பேசப் போகிறோம், பஸ்ஸில்.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் இருவரையும் கைவிடாமல் நடத்தட்டும். பாலைக் குடிக்காமல் டியூட்டிக்கு ஓடாதே. மறக்காமல் செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு லீவு கேள், ஆபரேஷன் முடிந்து கண் கட்டு அவிழ்க்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். ஆபரேஷன் என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் அன்புள்ள அப்பா,
மா. தனிஸ்லாஸ்