இரண்டாம் வரிசைக்கு ஒரு திருத்தம்

மார்ச் 3

ஈப்போவில் மழை. உடையப்பன் என்னைக் கம்பெனியிலிருந்து கழற்றிவிட்டு ஏழு வருடம். ஒரு வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி, "எஸ்டேட்டு ஆளு, மாடா உழைப்பான்" என்றான். நான் அப்போது அவனுடைய பங்குதாரர்!

அவன் விற்கும் கிளினிக் மென்பொருளுக்குள் நான் எழுதிய நிரல் தொகுப்பு இன்னும் ஓடுகிறது. எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. பேக்கேஜ் மேனேஜர் என்ற கருவி புதுப் பதிப்பைத் தானாக இழுத்துக்கொள்ளும். யார் எழுதியது என்று கேட்காது.

மார்ச் 5

முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார்: என் தொகுப்பில் ஓட்டை. திட்டமிட்டுத் தயாரித்த ஒரு கோப்பை அனுப்பினால் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் முடக்கலாம்.

சோதித்தேன். உண்மை.

மார்ச் 7

அடைத்துவிட்டேன். 3.0 என்ற புதிய பதிப்பாக வெளியிட்டேன். பழைய இரண்டாம் வரிசைப் பதிப்புகளுக்குத் திருத்தம் கிடையாது.

உடையப்பனின் மென்பொருள் இரண்டில் தொடங்கும் பதிப்புகளை மட்டுமே தானாக ஏற்கும். அங்கிருந்தபோது நானே வைத்த விதி. மூன்றுக்குப் போக அவர்கள் நிரலையே மாற்ற வேண்டும். பொது எச்சரிக்கையும் எழுதிவிட்டேன். யார் என்னைக் குறை சொல்ல முடியும்?

அந்த எச்சரிக்கையைத் திருடனும் படிப்பான். தெரியும்.

மார்ச் 10

உடையப்பன் போன் செய்தான்.

"மச்சான், ரெண்டாம் வரிசைக்கே ஒரு பேட்ச் போட்டு ஓட்டைய அடைச்சுக் குடு லா. மூணுக்கு மாத்த என்கிட்ட ஆள் இல்ல."

மச்சானாம்.

"என்னைத் தொரத்துனப்ப நெறைய ஆள் இருந்துச்சே?"

"இன்னும் அதையே புடிச்சிக்கிட்டு இருக்கியா?"

வைத்துவிட்டேன். ஆமாடா, புடிச்சிக்கிட்டுதான் இருக்கேன். வேற என்னத்த குடுத்த எனக்கு?

மார்ச் 12

என் அக்கா புனிதாவை டயாலிசிஸுக்குக் கோப்பெங் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பதிவு மேசைக் கணினியில் உடையப்பன் கம்பெனியின் சின்னம். எத்தனை தடவை பார்த்திருப்பேன் — இன்றுதான் உறைத்தது.

"இது ஜாம் ஆனா என்ன பண்ணுவீங்க?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"ஐயோ அண்ணே, அப்பறம் எல்லாரும் வீட்டுக்குத்தான் லா! யாருக்கு எவ்ளோ மருந்து, எல்லாம் இதுலதான் இருக்கு."

ஊசி ஏறும்போது அக்கா என்னைப் பார்த்தாள். "குத்துறது எனக்கு. நீ ஏன்டா மூஞ்ச இப்படி வச்சிருக்க?"

மார்ச் 13

இரண்டாம் வரிசைக்கும் திருத்தம் போட்டு 2.9.4 வெளியிட்டேன். அவனுக்காக இல்லை.

மார்ச் 14

கோப்பெங். திரையின் அடியில் சின்ன எழுத்தில்: நேற்றிரவு புதுப்பிக்கப்பட்டது.

"இன்னிக்கும் ஜாம் ஆகல அண்ணே," நர்ஸ் கேலி செய்தாள்.

உடையப்பனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்தான்.

அக்கா தூங்குகிறாள். மெஷின் சுற்றுகிறது.