வக்கீல் அனுப்பிய பிள்ளை

7-2-1983, திங்கள்

வக்கீல் வெங்கட்ரமணனின் சீட்டோடு காலையில் குழந்தைகளுக்கான என் மனநல கிளினிக்குக்கு ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா அன்னக்கொடி, தல்லாகுளத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க். மகளுக்கு ஒன்பது வயது. விவாகரத்து வழக்கு நடக்கிறது; வெங்கட்ரமணன் இவளுடைய வக்கீல். பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில்தான் பெரிய சண்டை. இப்போதைக்கு ஞாயிறுதோறும் திருவாதவூரில் அப்பா வீட்டுக்குப் போகிறாள். சனிக்கிழமையே வயிற்றுவலி வந்துவிடுகிறதாம்.

சீட்டில் ஒரே வரி: ‘பாகீரதி, இந்தக் குழந்தையைப் பார்.’

பேர் கேட்டேன். அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். “ஸ்கூல்ல வசந்தா. அப்பா வீட்ல மாயக்காள்.”

நான் எப்படிக் கூப்பிடட்டும் என்றேன். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். வாராவாரம் திங்கட்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

14-2-1983

தாயம் ஆடினோம். இரண்டு ஆட்டம் அவளே ஜெயித்தாள். மூன்றாவதில், கட்டையை உருட்டிக்கொண்டே சொன்னாள்:

“அப்பா வீட்ல நல்லா இருந்துச்சுன்னு சொன்னா அம்மா அழுவுது. நல்லா இல்லன்னு சொன்னா அப்பா அழுவுறாரு.”

கட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன்.

17-2-1983, வியாழன்

அவளுடைய அப்பா வந்தார். நல்லகாமன். விவசாயம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எம் மகளுக்குப் பைத்தியம்னு எழுதிக் குடுக்கப் போறீகளாமே?”

அப்படி யாரும் கேட்கவில்லை என்றேன்.

“பெறகு வக்கீல் எதுக்கு அனுப்புறாரு? எனக்கு ஒரு வார்த்தை சொன்னீகளா? நானும் அவளுக்கு அப்பன்தானே?”

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி — அப்பாவுக்குத் தெரியுமா? பத்து வருஷமாக இந்த வேலை செய்கிறேன். ஏன் கேட்கவில்லை?

தெரியும் ஏன் என்று. அனுப்பியவர் வெங்கட்ரமணன். அவர் மனைவி ஜானு என் காலேஜ் சிநேகிதி. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேதான். இந்த ஊரில் கூப்பிடாமலே நான் போகிற வீடு அது ஒன்றுதான்.

21-2-1983

வெங்கட்ரமணன் போன் செய்தார்.

“வெள்ளிக்கிழமை வாய்தா. அப்பாகிட்ட போகக் குழந்தை பயப்படறான்னு ஒரு லெட்டர் போதும்.”

“அப்பாவை நான் பார்க்கவே இல்லை. ஒரு நிமிஷம் வந்து நின்று சண்டை போட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான். அவள் என்னிடம் பேசுவது சிகிச்சைக்கு. அதை எடுத்துக் கோர்ட்டில் வைக்க மாட்டேன். கோர்ட்டுக்கு அபிப்பிராயம் வேண்டுமென்றால் வேறு டாக்டர், மூன்று பேரையும் பார்த்துச் சொல்லட்டும்.”

“என்னமோ நூறு குடும்பத்தைக் கட்டிக் காத்த மாதிரி பேசறே. குடும்பம்னா என்னன்னு உனக்கு என்ன தெரியும், பாகீரதி?”

வைத்துவிட்டார். நான்தான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

27-2-1983, ஞாயிறு

ஜானு வீட்டுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மோர் சாதம். சாயங்காலம் வரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது, பால்காரரிடம் பேச வாயைத் திறந்தபோது குரல் கம்மியதில்தான் தெரிந்தது.

3-3-1983

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே கடிதம், ஒரே வார்த்தைகள். இனி நான் அவளைப் பார்ப்பது சரியில்லை. ஒரு பக்கம் சொல்லி வந்தவளை மறுபக்கம் கேட்காமல் ஏற்றுக்கொண்டது என் தவறு. திருப்பரங்குன்றத்தில் இதே வேலை செய்கிற விஜயம் என்பவர் இருக்கிறார். இரண்டு வக்கீலையும் அவருக்குத் தெரியாது. இருவரும் கையெழுத்துப் போட்டால் அவர் பார்ப்பார். அவரும் கோர்ட்டுக்கு எதுவும் எழுதித் தரமாட்டார்.

தபாலில் போட்ட பிறகும் பெட்டி பக்கத்திலேயே நின்றேன். நான் அவளைக் காப்பாற்றுகிறேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேனா?

7-3-1983, திங்கள்

நல்லகாமன் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அன்னக்கொடி கடிதத்தோடு நேரில் வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு.

“உங்களையும் பேசிக் கவுத்துட்டாரா? அவ வாயத் தொறந்து பேசுறதே உங்ககிட்ட மட்டுந்தாங்க. இன்னொருத்தர்ட்ட மறுபடி மொதல்லருந்தா?”

அவள் சொல்வதில் பாதி நியாயம். விஜயத்தின் விலாசத்தை எழுதி நீட்டினேன். கையெழுத்துப் போடாமலே எழுந்துவிட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பிள்ளை திரும்பிக் கேட்டது:

“நான் அன்னைக்குச் சொன்னேன்ல — அதுனாலயா?”

“இல்லடா. நீ ஒண்ணும் பண்ணல. தப்பு பண்ணது நான்.”

தலையை ஆட்டினாள். நம்பினாளா? ஒன்பது வயசுப் பிள்ளை எப்படி நம்பும். ஐயோ, என்ன செஞ்சுட்டேன் நான்.

28-3-1983

திங்கட்கிழமை நாலு மணி. அந்த நேரத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

18-4-1983

விஜயத்திடமிருந்து கார்டு. ‘போன வாரம் அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிள்ளை வருகிறாள். இதற்கு மேல் நீ கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது.’

சரிதான். நானாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். நாலு தடவை படித்தேன்.

12-6-1983, ஞாயிறு

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் திருப்பரங்குன்றம் போனேன். தரிசனம் முடிந்து கடைத்தெருவில் வரும்போது எதிரே நல்லகாமனும் அவளும். வளர்ந்திருக்கிறாள். கையில் பஞ்சுமிட்டாய். அப்பாவிடம் ஏதோ விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் கூப்பிட்டால் நிற்பாள். ராத்திரி அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று அவள் ஒரு தடவை யோசிக்க வேண்டிவரும்.

பக்கத்தில் இருந்த வளையல் கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவள் குரல் முதுகுக்குப் பின்னால் வந்து, கடந்து போயிற்று.

“எந்த அளவு வேணும்க்கா? பிள்ளைக்கா?” என்றார் கடைக்காரர்.

“இல்லை, சும்மா பார்த்தேன்” என்றேன்.