கரும்பலகையில் இரண்டாவது தப்பு

இந்த ஆண்டுக் கணிதப் போட்டிக்கான விண்ணப்பம் காலையில் என் மேசைக்கு வந்தது. பொறுப்பாசிரியர் என்ற கட்டத்தில் கை தன் பாட்டுக்கு உன் பெயரை எழுதிவிட்டது. அடித்தல் திருத்தல் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பதால் வேறு படிவம் எடுத்து என் பெயரை எழுதினேன். உன் பெயர் உள்ள தாளைக் கிழிக்க மனம் வராமல் பையில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பள்ளி நூலக அறையில் நாம் நடத்திய வகுப்பு. அன்று படகுகள் கடலுக்குப் போகாது, வீட்டில் வேலை குறைவு, பெண்பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று நாள் பார்த்தது நீதான். ஒன்பதும் பத்தும் படிக்கிற ஆறு பேர். வடிவியல் எனக்கு, மற்றதெல்லாம் உனக்கு. ஒவ்வொரு வாரமும் நீ போடும் கணக்கில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பாய். ஒன்றே ஒன்று. அதைப் பிடிக்கிற வரை யாரும் எழுந்து போகக்கூடாது. "ஏளா, மொதல்ல என்னைய சந்தேகப்படுங்க. பொறவு கணக்கு தானா வரும்" என்பாய். பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நிற்பாயே, அந்த நடிப்புக்கே தனியாகப் பரிசு தரலாம்.

அந்த ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி ஜன்னலில் அடித்துக்கொண்டே இருந்தது. உனக்கு ஓயாத தலைவலி. துறைமுகத்து நிலக்கரித் தூசி என்றாய், நம்பினேன். நேராகப் போகிற உன் எழுத்து வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்கியது. ஒரு ஞாயிறு ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதினாய். இந்த வாரம் இவ்வளவு லேசான தப்பா என்று பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். நீயும் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தாய். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கவனித்தேன்.

எல்லோரும் போனபின் ஜெனிபா என்னிடம் வந்தாள். பத்தாம் வகுப்பு, வாயே திறக்காத பிள்ளை.

"டீச்சர், இன்னைக்குப் போர்டுல ரெண்டு தப்பு. ஒண்ணுதான வைப்பாவ? இன்னொண்ணு அவியளுக்கே தெரியலன்னு நெனைக்கேன்."

"கூட ஒண்ணு வச்சிருப்பா. நீ போ."

"போன வாரமும் ரெண்டு, டீச்சர்."

அப்போதே உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் போட்டிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. நம் பள்ளியிலிருந்து முதல்முறையாகப் போகிற பிள்ளைகள். உன்னை விட்டால் அதைச் சொல்லித்தர ஆளில்லை. நீ படுத்தால் வகுப்பும் படுத்துவிடும் என்று பயந்தேன். "போட்டி முடியட்டும். அதுவரைக்கும் இத யார்ட்டயும் சொல்லாத" என்று அவள் வாயை அடைத்தேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவள் தப்புகளை எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். மூன்று. நான்கு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போட்டியன்று திருநெல்வேலியில், தேர்வு மையத்து வாசலில் பிள்ளைகளை எண்ணினாய். "அஞ்சுதான் இருக்கு. ஒரு பிள்ளைய காணலியே, ஏளா!" ஆறு பேரும் உன் முன்னால்தான் நின்றார்கள். மறுபடி எண்ணினாய். மறுபடியும் ஐந்து. பதறிப்போய் ரோட்டைப் பார்த்தாய். ஜெனிபா உன் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, "ஆறு, டீச்சர்" என்றாள். நீ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய். உன்னை நான் ஆட்டோவில் ஏற்றினேன். அவர்கள் தேர்வு எழுத உள்ளே போனார்கள்.

தலைக்குள் கட்டி என்று மதுரையில் சொன்னார்கள். பெரிய டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார். உன் அண்ணன் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தார். கேட்டது நான் மட்டும்தான். கார்த்திகை முடியுமுன் நீ போய்விட்டாய்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கலைந்தபின் ஜெனிபா என் பக்கத்தில் வந்து நின்றாள். முதல் சுற்றில் தேறியிருந்தாள். அதைப் பற்றி அவள் பேசவில்லை.

"நான் சொன்ன அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாவளா, டீச்சர்?"

"இல்ல, மக்கா. அப்பவும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

அவள் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொன்னாள். கேட்காதது நான். அவளுக்கு அதில் பங்கு வேண்டாம். அந்த இரண்டு மாதமும் என்னிடமே இருக்கட்டும்.