அண்ணன் மிதிக்கும் கிளட்ச்

என் சகாயண்ணனுக்கு,

இன்று கல்லறைத் திருநாள். உன் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அம்மா சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் வெளியே ஜீப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன்னிடம் ஒன்றை நேராகக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜீப்பை விற்கவில்லை. நீ போனபிறகு அரூருக்கும் சித்தேரி மலைக்கும் நான்தான் ஓட்டுகிறேன். பஸ் இல்லாத நேரத்தில் பிரசவத்துக்கோ காய்ச்சலுக்கோ மலையிலிருந்து இறங்க வேண்டியவர்கள் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். பொம்பளை ஓட்டும் வண்டியா என்று முகம் சுளித்த பெரியவர்கள் இப்போது முன்சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் உன் கிளட்ச் என் இடது முழங்காலைத் தின்றுவிட்டது. நீ உயிராய் நினைத்த பழைய பிரஷர் பிளேட், சுற்றிலும் சுருள் ஸ்பிரிங்குகள், நடுவில் விரல் என்று சொல்லும் மூன்று இரும்பு நெம்பு. அதை அமுக்கி அமுக்கி மலை ஏறி இறங்கினால் வீட்டுப் படி ஏற முடியாது. போன மழைக்காலத்தில் கிளட்ச் தட்டு தேய்ந்து, ஏற்றத்தில் இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி நகராமல் கருகல் வாடை வந்தது. மெக்கானிக் கோவிந்தனிடம் புது மாதிரி டயாபிரம் பிளேட் போடச் சொல்லிவிட்டேன். அதில் சுருள் கிடையாது. கிண்ணம் மாதிரி ஒரே வில்தகடு, நடுவில் வட்டமாக நிறைய நாக்குகள். மிதிக்க மிதிக்க லேசாகும்.

அன்று போனில் அம்மாவிடம், "மூணு விரலும் தேஞ்சிபோச்சிம்மா, கழட்டிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான். என் கை போய்விட்டதென்று அழுதுகொண்டே செருப்புகூடப் போடாமல் பட்டறைக்கு ஓடிவந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு, "எம்புள்ள மிதிச்சது, காயலான் கடைக்குப் போவக்கூடாது" என்று அந்த மசகுப் பிளேட்டைச் சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

உனக்குப் பிடிக்காது என்று தெரியும். எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "பழசு சாவறதுக்கு முன்ன சொல்லிட்டு சாவும் பிலோமி. தேயத் தேய பிடி தளரும், வழுக்கும், வாட அடிக்கும். புதுசு கடைசி வரைக்கும் கெட்டியா புடிச்சிட்டிருந்து, ஒரு நாளு பட்டுனு உட்டுரும்." நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முழங்கால் என்னுடையது.

கொஞ்ச நாள் பெடல் வெண்ணெயாய் இருந்தது. பிறகு ஒரு காலை, மலையேற்றத்தில் பனிமூட்டம், வண்டியில் நான் மட்டும். கியர் மாற்றக் காலைத் தூக்கினேன். பெடல் எனக்கு முன்பே பாதிவரை இறங்கியது. மீதியை நான் மிதித்தேன். கனத்தது, உன் மூன்று விரலின் அதே கனம். திரும்ப மேலே வரும்போது என் பாதத்தோடு இன்னொரு பாதமும் வருவதுபோல் இருந்தது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்காமல், மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

கோவிந்தன் கியர்பாக்ஸை இறக்கினார். பிளேட்டில் குறையில்லை. அதை அமுக்கும் பேரிங்கைத் துடைத்தவர் பேயறைந்ததுபோல் நின்றார். அத்தனை நாக்கும் படுகிற பேரிங்கில் தேய்மானம் வட்டமாகத்தான் விழும். இதில் உன் மூன்று விரல் பட்டதுபோல் மூன்றே இடத்தில் பளபளவென்று குழிந்திருந்தது.

"பழைய பேரிங்கையே போட்டுட்டீங்களாண்ணா?"

"புதுசும்மா. நீதான பக்கத்துல நின்னு டப்பாவப் பிரிச்ச." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வேணாம் பிலோமி. பழைய மாதிரியே மாட்டிரலாம். வண்டி அதத்தான் கேக்குது."

பழையது மாட்டினால் என் கால் தாங்காது, வண்டி நின்றுவிடும். மலையில் வலி எடுத்தவளை யார் இறக்குவது? வேறு பேரிங் போடுங்கள் என்றேன். கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போட்டார்.

இன்று இங்கே வரும் வழியிலும் பெடல் தானாக இறங்கியது. அம்மா பார்த்துவிட்டாள். அலறவில்லை. "சகாயந்தான். மிதிக்கட்டும், உடு" என்றாள்.

எப்படி விடுவது? எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். சொல்லிவிட்டுச் சாகிற பிளேட் வேண்டும் என்றாயே, நெஞ்சு வலிப்பதை நீ யாரிடம் சொன்னாய்? ஊருக்குத்தான் உபதேசமா? வாயு என்று சோடா குடித்துக்கொண்டு சிரித்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனே அண்ணா.

அரூர் ஸ்டாண்டில் நீ ஸ்டீயரிங்கில் சாய்ந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, முதல் கியர் விழுந்திருந்தது. முன்னால் ஒரு கர்ப்பிணி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மூச்சு நின்றபிறகும் உன் இடது கால் கிளட்சை அடிவரை மிதித்தபடியே இருந்ததாம். விட்டிருந்தால் வண்டி அவள்மேல் பாய்ந்திருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, இரண்டு பேர் சேர்ந்துதான் அந்தக் காலை எடுத்தார்களாம். அப்புறம் என்ன ஆனது என்று உனக்கு இன்னும் யாருமே சொல்லவில்லையோ?

அந்தப் பெண் ரோட்டைக் கடந்துவிட்டாள் அண்ணா. ஏறியவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கி அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வாடை வரட்டும் என்று காத்திருக்காமல், ஒவ்வொரு மழைக்கு முன்னும் கியர்பாக்ஸை இறக்கித் தட்டைப் பார்ப்பேன். இது உன்மேல் சத்தியம்.

நீ காலை எடு.

உன் கூடப்பிறந்தவள்,
பிலோமினா